மோட்டாரை நம்பிய வீடு

2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை ஏறியது. தென்னை விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்த கதையும் செய்தியில் வந்தது. அடுத்து வந்த நாட்களில் அந்தப் பக்கத்து ஊர்களில் அரிசிக்கும் தார்ப்பாய்க்கும் நிகராகத் தேடப்பட்ட பொருள் ஜெனரேட்டர். மன்னார்குடிப் பக்கம் என் சித்தி இருக்கும் தெருவுக்கு ஒருவர் டாடா ஏஸ் வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வருவாராம். வீட்டு மோட்டாருக்கு வயரைக் கொடுத்து, மேல்தொட்டி நிரம்பும்வரை ஓட்டிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாராம். செல்போனுக்குச் சார்ஜ் போடத் தனிக் காசு. சித்திக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. "அவரு வரலேன்னா வாய்க்கா தண்ணியத்தான் மொண்டு குடிச்சிருக்கணும்" என்றார்.

அந்த வீட்டுக் கொல்லையில் முன்பு ஓர் அடிபம்பு இருந்தது. டெல்டா மண், கார்த்திகையில் தண்ணீருக்காக ஆழம் போக வேண்டியதே இல்லை. பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் போர் போட்டு, சப்மெர்சிபிள் இறக்கி, மாடியில் கறுப்புத் தொட்டி ஏற்றினார்கள். பம்பைப் பிடுங்கிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். வசதி வந்ததில் தப்பே இல்லை. வயதான காலத்தில் சித்தி பம்பு அடிக்க வேண்டும் என்று நான் சொல்வேனா? பழையதைப் பிடுங்காமல் புதியதை வைத்திருக்கலாமே என்பதுதான் ஆதங்கம். காலுக்குக் கீழே தண்ணீர் கிடக்க, வாசலில் காலிக் குடத்தோடு ஜெனரேட்டருக்குக் காத்திருந்தார்கள்.

சென்னையில் இருக்கும் நமக்கு இது இன்னும் மோசம். கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், அது தெரிந்ததே. மோட்டார் நின்றால் தொட்டி காலியாகும், தொட்டி காலியானால் கழிவறை ஓடாது. ஆர்ஓ மிஷின் ஊமையாகும். இண்டக்‌ஷன் அடுப்பு வெறும் கண்ணாடிப் பலகை. செல்போன் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் போன் போகும், போன் போனால் ஜிபே போகும், ஜிபே போனால் கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டுக் கீரை வாங்க முடியாது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்தது நினைவிருக்கிறதா? 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, ஏடிஎம்மில் பணம் இல்லை, கார்டு தேய்க்கும் மிஷினுக்குக் கரண்ட் இல்லை. மூன்று வழியும் ஒரே நாளில் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை அந்த வாரம் காட்டிவிட்டுப் போனது. பருப்பு டப்பாவில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது.

சுவீடனில் அரசாங்கமே போர், பேரிடர் வந்தால் என்ன செய்வது என்று ஒரு கையேடு அச்சிட்டு வீட்டுக்கு வீடு அனுப்புகிறது. 2018-ல் அனுப்பியது, 2024-ல் திருத்தி மறுபடியும் அனுப்பியது. நல்ல காரியம். ஆனால் இதையெல்லாம் பார்த்துவிட்டு இணையக் கடையில் 'அவசரகாலப் பை' என்று விற்பதை வாங்கி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தப் பையில் விசில் இருக்கும், வெள்ளிக் காகிதப் போர்வை இருக்கும். வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது வெள்ளிக் காகிதப் போர்வையை வைத்து என்ன செய்வது? நான் பார்க்கும் கணக்கு வேறு. வீட்டில் எது எது ஒரே ஒரு வழியை நம்பி இருக்கிறது, அதற்குக் கையால் இயங்கும் இன்னொரு வழி உண்டா என்று பார்ப்பது. அந்த இரண்டாவது வழி நாள்தோறும் கொஞ்சமாவது புழங்க வேண்டும். புழங்காத சாமான் சமயத்தில் காலை வாரும்.

அதனால் எங்கள் குடியிருப்பின் சம்ப்பின் மேல் ஓர் அடிபம்பு வைத்தோம்.

பிளம்பர் தம்பி சிரித்தார். "அக்கா, இதெல்லாம் இப்ப யாருக்கா போடுறாங்க? ஒரு ஹெச்பி மோட்டார் இருக்கே" என்றார். மோட்டார் இருக்கிறது, கரண்ட் இல்லாதபோது அது இரும்புக் குண்டு என்றேன். இன்வெர்ட்டரில் ஓட்டலாமே என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார். ஒரு ஹெச்பி என்பது 746 வாட். கிளம்பும்போது அதைப்போலச் சில மடங்கு இழுக்கும். வீட்டில் விளக்குக்கும் ஃபேனுக்கும் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது.

அடிபம்பின் சூட்சுமம் எளிமையானது. கைப்பிடியை அழுத்தினால் உள்ளே தோல் வாஷர் கட்டிய பிஸ்டன் மேலே வருகிறது, குழாய்க்குள் காற்று குறைகிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றால் தள்ள முடிந்த உயரம் கணக்குப்படி 10 மீட்டர் சொச்சம். கசிவு, தேய்மானம் எல்லாம் போக 7 மீட்டர்தான் கைக்கு வரும். நகரத்தில் பல போர்களில் தண்ணீர் அதற்கும் கீழே போய்விட்டதால்தான் இந்த வகைப் பம்பு செத்துப்போனது. தெருமுனையில் நாம் பார்த்த இந்தியா மார்க் 2 வேறு ஜாதி. அதன் சிலிண்டரே கீழே தண்ணீருக்குள் இருக்கும், அதனால் ஆழத்திலிருந்து ஏற்றும். ஆனால் சம்ப் என்ன ஆழம்? ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. போருக்கு உதவாமல் போன பம்பு சம்ப்புக்கு அளவெடுத்துச் செய்தது. ஒன்றேகால் இன்ச் பைப், அடியில் ஒரு ஃபுட் வால்வு, கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஒரு சிமெண்ட் மேடை. கூலி சேர்த்தும் ஒரு நல்ல மிக்ஸியின் விலையைத் தாண்டவில்லை.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதிலும் ஒரு தெளிவு தேவை. நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகிறார்கள். நிவாரண முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, கைகால் கழுவ எல்லாம் சேர்த்து. அதாவது நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு நான்கு குடம். பம்பில் நான்கு குடம் அடிப்பது ஒரு கஷ்டமா? குடிக்கிற தண்ணீருக்கு, பரணில் ஏற்றிய பழைய ஸ்டீல் ஃபில்டரை இறக்கி, புது கேண்டில் வாங்கிப் போட்டுவிட்டேன். அதற்குக் கரண்டும் வேண்டாம், குழாயும் வேண்டாம். வெள்ளச் சமயத்தில் வடிகட்டியதைக் கொதிக்கவும் வைக்க வேண்டும். கேஸ் தீர்ந்துவிட்டால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் மூடி வைக்கலாம்.

சம்ப்புக்குள் வெள்ளம் இறங்கிவிட்டால் இத்தனையும் வீண். நம் ஊரில் சம்ப்பின் மூடியைத் தரையோடு தரையாக வைப்பார்கள், அதற்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க் மூடியும் இருக்கும். தெருத் தண்ணீர் ஏறினால் இரண்டும் கலந்துவிடும். மூடியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டி எழுப்புவது கொத்தனாருக்கு அரைநாள் வேலை.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் இன்னொன்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளம் வாசல் வழியாக வருவதற்கு முன்னாலேயே கழிவறை வழியாக வந்துவிடும். தெருவின் பாதாளச் சாக்கடையில் தண்ணீர் மட்டம் வீட்டுக் கோப்பையைவிட உயர்ந்தால் அது பின்னோக்கித்தான் ஓடும். 2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது இந்தப் பாடத்தைப் பலரும் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தார்கள். கெட்டியான சாக்கில் மணல் நிரப்பிக் கோப்பைமீதும் குளியலறை ஜாலிமீதும் அழுத்தி வைப்பது உடனடி வழி. வெளியே போகும் குழாயில் என்ஆர்வி என்கிற ஒருவழி வால்வு போட்டுவிடுவது நிரந்தர வழி.

மின்சாரத்தில் எனக்கு ஒரு பயம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றதும் மெயினை அணைத்துவிடுவோம். இன்வெர்ட்டர் நினைவுக்கு வராது. மெயினை அணைத்ததும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கும். பிளக் பாயின்டுகளில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். முதலில் இன்வெர்ட்டர், பிறகு மெயின். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். கசிவு தெரிந்த நொடியில் அது தானே விழும். மாடிப்படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியையும் ஒரு ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள்.

பேட்டரி என்றதும் ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-ஹவர் இருக்கும். கையில் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஃபேன் ஒன்று 75 வாட் குடிக்கும். இரண்டு ஃபேனும் மூன்று எல்ஈடி பல்பும் போட்டால் ஆறேழு மணி நேரத்தில் படுத்துவிடும். பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஒன்றுக்கு 30 வாட் அளவில்தான். அதே பேட்டரி விடியவிடிய ஓடும். பெரிய பேட்டரி வாங்குவதைவிடச் சின்னப் பசியுள்ள ஃபேன் வாங்குவது மலிவு. மழை இல்லாத நாட்களிலும் பில் குறையும்.

சமையலறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டிகள் மாசி பங்குனியில் புதுப்புளி வந்ததும் வருஷத்துக்கு வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தார்கள். சித்திரை வெயிலில் வற்றலும் வடாமும் போட்டார்கள். அதை யாரும் பேரிடர் மேலாண்மை என்று சொல்லவில்லை. விலை இறங்கும்போது வாங்குவது என்கிற பர்ஸ் கணக்கு அது. நானும் மளிகையை ஒரு மாதம் முன்கூட்டி வாங்கி, பழையதை முதலில் எடுக்கிறேன், அவ்வளவுதான். அவல், பொட்டுக்கடலை, சத்துமாவு மூன்றும் அடுப்பே இல்லாமல் பசியாற்றும். ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று ஓரமாக இருக்கிறது. மாத்திரைகள் பதினைந்து நாள் முன்னே இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், ஃப்ரிட்ஜ் நின்றால் தாங்கள் போடும் வகை எத்தனை நாள் வெளியே தாங்கும் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கேஸ் கசிவுக்கு 1906. இரண்டையும் சுவரில் எழுதுங்கள். செல்போன் அணைந்த பிறகு அதற்குள் இருக்கும் எண்ணால் பயனில்லை.

இதையெல்லாம் எழுதும்போது உறுத்துகிற ஒன்றும் உண்டு. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ஒரு மாதச் சாமானை எங்கே வைப்பது? அன்றாடக் கூலியில் முன்கூட்டி எதை வாங்குவது? பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றால் குடத்தோடு படியேறுகிறவரிடம் போய்த் தற்சார்பைப் பற்றி யாராவது பேசினால் குடத்தாலேயே அடிக்கலாம். அவர்களை ஆற்றோரத்திலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோய் வைத்த அரசு செய்ய வேண்டிய வேலையை அவர்கள் தலையில் கட்ட முடியாது.

அதே சமயம், 2023 டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் நின்றபோது முதலில் சோறு போட்டது யார்? தங்கள் ஊரையே தண்ணீர் சூழ்ந்திருந்த பக்கத்துக் கிராமத்து மக்கள். வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து சமைத்தார்கள். பெரிய அண்டாவும் அதில் சமைக்கத் தெரிந்த கைகளும் அந்த ஊரில் இருந்தன. எங்கள் தெருவில் அப்படி ஓர் அண்டா யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பம்பு விஷயம் இன்னும் முடியவில்லை. எங்கள் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மனைவி காலையில் வந்து இரண்டு குடம் அடித்துக்கொண்டு போகிறார். வாட்ச்மேன் குடும்பமும் அதில்தான் புழங்குகிறது. "வெளியாட்கள் எடுப்பதற்கா காசு போட்டோம், பூட்டு போடுங்கள்" என்று மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் இது வருகிறது. தோல் வாஷர் தினமும் நனையாவிட்டால் சுருங்கிக் காய்ந்துவிடும், பூட்டிய பம்பு புயலன்று காற்றைத்தான் அடிக்கும் என்று பிளம்பர் தம்பியையே வந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் கையில் கணக்கு இருக்கிறது: கோடையில் நாம் வரவழைக்கும் லாரியில் 12,000 லிட்டர், அந்த அம்மாவின் இரண்டு குடத்தில் 30.