தலைத்துணியும் தன்மானமும்

சீக்கியரின் தலைப்பாகையைக் குறித்துப் படித்தவர்களும் எழுப்பும் வினா ஒன்றுண்டு. “வீட்டிலிருக்கையில் சிறு துணியைச் சுற்றிக்கொள்கிறார், விளையாட்டுத் திடலில் குல்லாய் போன்ற ஒன்றை அணிகிறார், விழா நாளில் மட்டும் நீண்ட பாகை கட்டுகிறார். இடத்துக்கேற்ப மாற்றத்தக்கது எனில், பள்ளியிலும் அலுவலகத்திலும் அதனைக் கழற்றி வைத்தால்தான் என்ன?” பகுத்தறிவு போலத் தோன்றும் இவ்வினாவில் மறைந்திருப்பது அறியாமையே என்போம்.

வீட்டிலும் வயலிலும் விரைந்து சுற்றிக்கொள்ளும் துணிக்குப் பர்ணா என்று பெயர். சிறுவரும் விளையாட்டு வீரரும் தலையோடு ஒட்டக் கட்டுவது பட்கா. பெரிய பாகைக்குள் கட்டும் சிறு துணி கேஸ்கி. அதனை மட்டுமே அணியும் ஆடவரும் பெண்டிரும் உளர். பல மீட்டர் நீளத் துணியை மடிப்பு மடிப்பாகச் சுற்றுவது தஸ்தார். வடிவங்கள் பல, கடமை ஒன்று. மழிக்காத முடியைக் காப்பதும், தலையை மூடி இறைவன் முன் நிற்பதும் அவர்தம் நெறி. நமக்கும் வயலுக்கு ஓர் உடை, திருவிழாவுக்கு வேறோர் உடை உண்டு. உடையை மாற்றுகின்றோம் என்பதால் உடையின்றியும் நடமாடலாம் என்று எவரேனும் வாதிடுவரோ?

தலைத்துணியின் பொருளைத் தமிழருக்குப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் காவித்துணி சுற்றிய துறவியரையும், துண்டால் முண்டாசு கட்டிய உழவரையும் காண்கின்றோம். சன்னதியை நெருங்கியதும் அவ்வுழவர் முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்கிறார். அது பக்தி. ஆனால் இதே மண்ணில், ஆண்டையின் வீட்டு முன்னும் மேல்சாதித் தெருவிலும் அத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுமாறு பணிக்கப்பட்ட மக்களும் இருந்தனர். அது பக்தியன்று, அடிமைத்தனம். இறைவன் முன் தானாக அவிழ்ப்பதற்கும், மனிதன் முன் அவிழ்க்கப்படுவதற்கும் உள்ள தொலைவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவாகும்.

1699-ஆம் ஆண்டு அனந்தபூரில் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவியபோது முதலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐவருள் நாவிதர் ஒருவரும், நீர் சுமக்கும் குலத்தவர் ஒருவரும் இருந்தனர். உயர்ந்தோரின் சின்னமாக இருந்த பாகை உழைப்போரின் தலைக்கும் உரியதாயிற்று. சாதி குறைத்த தலையை அந்தத் துணி நிமிர்த்தியது.

அண்மைக் காலத்தில் நம் தமிழகத்திலும் ஒடுக்கப்பட்ட மக்களுள் சிலர் சீக்கிய நெறியைத் தழுவியுள்ளனர். 2020-21-இல் தில்லி எல்லையில் நடைபெற்ற உழவர் போராட்டம் அவர்களுள் சிலரை ஈர்த்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தலைப்பாகை அணிந்த தமிழ்ச் சீக்கியர் ஏழு பேர் களமிறங்கினர். உடனே “வேடம்” என்றனர் சிலர். “சலுகைக்காக” என்றனர் வேறு சிலர். பட்டியல் இனத்தார் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணை பெரும்பாலும் இந்துக்களுக்கென இருந்து, 1956-இல் சீக்கியருக்கும் விரிவாக்கப்பட்டது. எனவே ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் இந்து ஒருவர் சீக்கியராவதால் புதிதாக எதனையும் பெறுவதில்லை. பின் எங்கே இருக்கிறது அந்தச் சலுகை? வேடம் என்போரையும் கேட்கின்றோம்: பள்ளி விழாதோறும் பிள்ளைகளுக்குப் பாரதியின் முண்டாசைக் கட்டிவிட்டுக் கைதட்டுகின்றோமே, அதுவன்றோ வேடம்? வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் கட்டிக்கொள்பவர் எங்ஙனம் வேடதாரியாவார்?

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் தனியார் பள்ளி ஒன்று, பாகையைக் கழற்றி முடியை வெட்டினாலன்றிச் சீக்கியச் சிறுவனைச் சேர்க்க இயலாது என்றது. தம் பள்ளி கிறிஸ்தவப் பள்ளி என்பதும் தலைமையாசிரியர் கூறிய காரணங்களுள் ஒன்று. 1983-இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை அம்மறுப்பு சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. கிறிஸ்துவின் பெயரால் ஒரு சிறுவனின் தலைத்துணியை அவிழ்க்க முனைந்தது நமக்குப் பெருமை தருவதன்று. நம் நாட்டிலோ 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே, பாகை அணிந்த சீக்கியருக்குத் தலைக்கவசத்திலிருந்து விலக்களிக்கிறது. சாலையில் சட்டம் மதிக்கும் ஒன்றை வகுப்பறையில் நாம் மதிக்கலாகாதா?

“எல்லோரும் ஒன்றுபோல் இருப்பதே சமத்துவம்” என்பர். 2004-இல் பிரான்சு நாடு அரசுப் பள்ளிகளில் அவ்வாறே சட்டம் இயற்றிற்று. அச்சட்டம் தலைப்பாகையோடு நில்லாமல் பெரிய சிலுவையையும் விலக்கியது. அயலான் தலையில் கை வைக்கும் சட்டம் நம் கழுத்தையும் தேடி வரும் என்பதை உணர்வோமாக.

ஆகவே, நம் நிறுவனங்களை நடத்துவோர்க்கு ஒரு வேண்டுகோள். நாளை ஒரு சீக்கியப் பிள்ளை பட்காவோடு நம் பள்ளி வாயிலில் வந்து நின்றால், அத்துணியைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாதீர். பெயரைக் கேளுங்கள், வகுப்பைக் காட்டுங்கள்.