தலையணைக்கு அடியில் ஒரு நாவல்

சகோதரியே! மகளின் தலையணைக்கு அடியில் காதல் நாவல் ஒன்று இருக்கக் கண்டால், உடனே சினந்து பறித்துவிடாதீர்கள். அதன் சுவை யாதெனச் சற்று எண்ணிப் பாருங்கள்.

நாயகனும் நாயகியும் இறுதியில் இணைவர் என்பது முதற்பக்கத்திலேயே தெரியும். எவ்வாறு இணைவர் என்பதே கதை. முடிவைப் பற்றிய அச்சமின்றி, இடையில் வரும் ஊடலையும் பிரிவையும் நிம்மதியாகச் சுவைக்கலாம். நாள் முழுதும் பிறருக்காக உழைத்த மனத்திற்கு இதனினும் எளிய ஓய்வு ஏது?

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயர் தம் முதற்கதையைப் புனைந்தது, நோயுற்றிருந்த தம்பியை மகிழ்விப்பதற்காகத்தான். 1921இல் அது நூலாக வந்தபோது அவருக்கு வயது 19. நோயாளிக்கு ஆறுதலளித்த கதையை வீண் என்று தள்ளலாமா?

நம் நாகூரில், மூன்றாம் வகுப்பு வரையே பயின்ற சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். பெண்கள் நாவல் படிப்பதையே பலர் குறையாக எண்ணிய காலம் அது. ஆயினும் அந்நூலைப் பாராட்டியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்!

கதை நாயகனைப் போன்றவனையே மகள் வாழ்விலும் எதிர்பார்ப்பாளோ என அஞ்சுகிறீர்களா? அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து நூலைப் பறிப்பதன்று. நீங்களும் அதைப் படியுங்கள். “நீயாக இருந்தால் இவனை மன்னிப்பாயா?” என்று கேளுங்கள். மணவாழ்வைப் பற்றி நேரில் பேச நாணுகிறவர்களும் கதைமாந்தரைப் பற்றி மனந்திறந்து பேசுவர். நிக்காஹ் பேச்சு வீட்டிற்கு வரும் நாளில், தன் விருப்பத்தைத் தயங்காமல் உங்களிடம் கூற அப்பழக்கம் அவளுக்குத் துணைநிற்கும்.