படிக்காமலே கிழித்த கடிதம்!

2014 உலகக்கோப்பை ஃபைனல் நாள் காலை. தொடைக் காயத்துக்குச் சிகிச்சையில் இருந்த அர்ஜென்டினாவின் ஏஞ்சல் டி மரியாவிடம், அவரது கிளப்பான ரியல் மாட்ரிட் அனுப்பிய கடிதத்தை நீட்டினார் டாக்டர். ஆடக் கூடாது என்பதைத் தவிர அதில் வேறென்ன இருக்கும்? பிரித்துக்கூடப் பார்க்காமல் கிழித்துப்போட்டார் டி மரியா.

ஆனாலும் ஆடவில்லை. ஜெயிக்க யார் வேண்டுமோ அவரையே இறக்குங்கள், கூப்பிட்டால் உடம்பு உடையும்வரை ஆடுவேன் என்று பயிற்சியாளர் சபெல்லாவிடம் சொல்லும்போதே அழுதுவிட்டதாக, 2018-ல் எழுதிய கட்டுரையில் நினைவுகூர்கிறார். தன் இடத்தைக் கேட்டு மல்லுக்கட்டாத அந்த மனசுதான் பெரிது! என்சோ பெரஸ் இறங்கினார். ஜெர்மனி 1-0 என ஜெயித்தது.

2015, 2016 கோபா அமெரிக்கா ஃபைனல்களிலும் தோல்வி. ஊரே கேலி பேசியது.

2021-ல் அதே மரக்கானா மைதானம், எதிரே பிரேசில். டி பால் தூக்கிப்போட்ட பந்தை கோல்கீப்பர் தலைக்கு மேலே தட்டிவிட்டார் டி மரியா. ஒரே கோல். 28 வருடங்கள் கழித்துக் கோப்பை!

2022 கத்தார் ஃபைனலிலும் ஒரு கோல். 2-0 என இருந்தபோது அவரை வெளியே எடுத்தார்கள். பிரான்ஸ் திருப்பியடிக்க, பெஞ்சில் கண்ணீரோடு தவித்தார். பெனால்ட்டியைத் தடுத்தார் மார்டினெஸ். கடைசிப் பந்தை உள்ளே தள்ளினார் மான்டியல்.