விமானிக்கு ஒரு நியாயம், வேன்காரருக்கு ஒரு நியாயமா?

தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், முள்ளியவளை உறவுகள் எல்லோருக்கும், சமய வேறுபாடு இல்லாமல், ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

சில நாட்களாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. சுகர் உள்ளவன், பிறஷர் உள்ளவன், நெஞ்சு வருத்தக்காரன் எல்லோருடைய லைசனையும் பறிக்க வேண்டுமாம். பிள்ளைகளை ஏற்றுகிற வேனில் நோயாளிக்கு என்ன வேலையாம். பிளேன் ஓட்டுகிறவனுக்கு அடிக்கடி மெடிக்கல் வைத்து, சின்னக் குறை இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கேட்டவர்களும் "மாஷா அல்லாஹ், சரியான பேச்சு" என்று போட்டிருக்கிறார்கள்.

சரியான பேச்சு இல்லை. தினமும் காலையில் அந்த வேன்களிலிருந்து இறங்குகிற பிள்ளைகளை வகுப்புக்குள் எடுக்கிறவர்கள் நாங்கள். எங்களில் சிலர் அதே வேன்களில்தான் வேலைக்கும் வருகிறோம். அந்தப் பிள்ளைகளின் உயிரை நினைத்தே சொல்கிறோம்: இந்தப் பேச்சு ஒரு பிள்ளையையும் காப்பாற்றாது. நோயுள்ள சாரதி தன் நோயை இன்னும் ஆழமாக மறைப்பார், அவ்வளவுதான் நடக்கும்.

பிளேன் ஓட்டுகிறவர்களைப் பாருங்கள் என்கிறீர்கள். சரி, பார்ப்போம்.

பயணிகள் விமானம் ஓட்டுகிறவர் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி அது. பொதுவாக வருடத்துக்கு ஒரு தடவை, 60 வயது தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. கண், காது, இரத்த அழுத்தம், இசிஜி எல்லாம் பார்ப்பார்கள். இதுவரை குரல் பதிவுக்காரர் சொன்னது சரி.

ஆனால் மெடிக்கல் என்பது அந்த ஒரு நாளில் எடுத்த படம் மட்டுமே. 2024 ஒக்டோபர் 9 அன்று சியாட்டிலில் இருந்து இஸ்தான்புல் போய்க்கொண்டிருந்த துருக்கி விமானத்தின் கப்டன், 59 வயது, வானத்திலேயே மயங்கி மவுத்தானார். அதே வருடம் மார்ச்சில் அவர் மெடிக்கல் பாஸ் பண்ணியிருந்தார். பக்கத்தில் இன்னொரு விமானி இருந்ததால் விமானம் நியூயோர்க்கில் பத்திரமாக இறங்கியது. 2023 ஓகஸ்ட் 17இல் நாக்பூரில் இருந்து புனேக்குப் புறப்பட இருந்த இண்டிகோ விமானி, விமானத்தில் ஏறும் வாசலிலேயே விழுந்து இறந்தார். வயது வெறும் 40.

ஆகவே விமானத்துறை சான்றிதழை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. வேறு இரண்டை நம்புகிறது. ஒன்று, பக்கத்தில் இருக்கும் இரண்டாவது விமானி. மற்றது, "இன்றைக்கு எனக்கு ஏலாது" என்று விமானியே வாய் திறந்து சொல்வது. உடல் தகுதி குறைந்ததாக உணர்ந்தால் சான்றிதழ் கையில் இருந்தாலும் பறக்கக்கூடாது என்பதும் சட்டம்தான். அடுத்த பரிசோதனைக்குப் பதினொரு மாதம் இருக்கலாம். அந்தப் பதினொரு மாதமும் பயணிகளின் உயிர் தொங்குவது அந்த மனிதர் உண்மை பேசுவாரா இல்லையா என்பதில்தான்.

உண்மை பேசினால் தொழில் போய்விடும் என்றால் எத்தனை பேர் பேசுவார்கள்?

இதற்கு விடை 2015 மார்ச் 24இல் கிடைத்தது. பார்சிலோனாவில் இருந்து டுசல்டோர்ஃப் போன ஜேர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே பிரெஞ்சு அல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அதில் 16 பேர் ஒரே பாடசாலையின் மாணவர்கள், இரண்டு பேர் அவர்களைக் கூட்டிப்போன ஆசிரியைகள். சுற்றுலா கூட்டிப்போகும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் செய்தியை வாசித்து முடிப்பதே கஷ்டம். அந்த விமானிக்கு மனநோய் இருந்தது. வேலைக்குப் போகக்கூடாது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த துண்டுகள் அவருடைய வீட்டில் கிழித்துப் போடப்பட்டுக் கிடந்தன. கம்பனிக்குத் தெரியாது. சான்றிதழோ செல்லுபடியானது.

(மனநோய் உள்ளவர் எல்லோரும் இப்படிச் செய்வார்கள் என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம். ஆகப் பெரும்பாலானோர் ஒருவருக்கும் கெடுதி செய்வதில்லை.)

பிரெஞ்சு விசாரணையாளர்கள் 2016இல் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் அந்த மனிதரைத் திட்டிவிட்டு எழும்பிப் போகவில்லை. ஏன் மறைத்தார் என்று கேட்டார்கள். பறக்கும் உரிமை போய்விடும் என்ற பயம் ஒரு காரணம் என்றும், தகுதி இழந்தால் போகும் வருமானத்தை ஈடுசெய்யும் காப்புறுதி இல்லாதது இன்னொரு காரணம் என்றும் எழுதினார்கள். இதைத் திரும்ப வாசியுங்கள். 150 பேர் இறந்த சம்பவத்தின் விசாரணை, சம்பளத்தையும் கடனையும் பற்றிப் பேசுகிறது.

இது ஒருவரின் கதை மட்டுமல்ல. 2022இல் அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விமானிகளிடம் எடுத்த ஆய்வில் 56 வீதமானோர், சான்றிதழ் போய்விடும் என்ற பயத்தில் மருத்துவத்தை ஏதோ ஒரு விதத்தில் தவிர்த்ததாகச் சொன்னார்கள். கண்டிப்பு கூடிய துறையிலேயே பாதிக்கு மேல்! "பறி, பறி" என்று கத்துகிறவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் சொல்வார்கள்?

விமானத்துறை அதற்குப் பிறகு மெதுவாகத்தான் திருந்துகிறது, ஆனாலும் திருந்துகிறது. ஐரோப்பா 2018இல் சட்டம் கொண்டுவந்து, கஷ்டத்தில் இருக்கும் விமானிக்கு சக விமானிகளே துணை நிற்கும் திட்டத்தை ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் கட்டாயமாக்கியது. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தாலே பறக்க முடியாது என்றிருந்த அமெரிக்கா, 2010இல் நான்கு மருந்துகளுக்குக் கண்காணிப்போடு வழி திறந்தது. இன்சுலின் ஊசி போடுகிற விமானிகளைப் பிரித்தானியா 2012 முதல் பறக்க விடுகிறது. பறக்கும்போதே மணிக்கொரு தடவை விரலில் குத்திச் சுகர் பார்த்துப் பதிய வேண்டும், அளவு பிழைத்தால் மற்ற விமானியிடம் கையளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் ஊரில் "சுகர்காரன் வேன் ஓட்டக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்கிறவருக்கு, இன்சுலின் போட்டுக்கொண்டு ஆகாயக் கப்பல் ஓட்டுகிறவர்கள் இருப்பது தெரியுமா?

பல நாடுகளின் விமான மருத்துவத்தில் நூற்றில் ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு. இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில், ஒரு விமானி ஒரு வருடத்துக்குள் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஆபத்தே இல்லாத மனிதன் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் நோயின் பெயரைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. கட்டுப்பாட்டில் இருக்கிறதா, திடீரென விழுத்துமா என்று அளந்து பார்க்கிறார்கள்.

இன்னுமொரு ஆளைச் சொல்ல வேண்டும். டீக் ஸ்லேட்டன். அமெரிக்கா 1959இல் தெரிவுசெய்த முதல் ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவர், விமானி. 1962இல் விண்ணுக்குப் போகச் சில மாதங்கள் இருக்கும்போது இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. விண்வெளி வீரர்களுக்கு மேலான பொறுப்பைத் தரையிலேயே கொடுத்தார்கள். யார் எந்தப் பயணத்தில் போவது என்று தீர்மானிக்கும் கதிரையில் இருந்தார். பத்து வருடம் கழித்து, 1972இல் மருத்துவர்கள் தகுதி என்றார்கள். 1975 ஜூலையில், 51 வயதில், அப்பலோ சோயுஸ் பயணத்தில் பறந்தார். பத்து வருடமும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

இனி எங்கள் ரோட்டுக்கு வருவோம்.

மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் ஓடுகிற வேன், டிப்பர், பட்டா, ஓட்டோ எதுவானாலும், பாதிக்கு மேல் லீசிங்கில்தான் நிற்கிறது என்பது ஊருக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வெறுங்கையோடு துரத்தப்பட்டு, புத்தளத்து முகாமில் இருபது வருடம் கிடந்து திரும்பி வந்தவர் ஒருவர். 2009இல் முள்ளிவாய்க்காலில் எல்லாவற்றையும் பறிகொடுத்து, மெனிக் பாம் போய்த் திரும்பியவர் மற்றவர. இருவருக்கும் காணி உறுதி, நகை, சேமிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. வாகனமும் லைசனும்தான் முதல். மாதம் பிறந்தால் தவணை. இரண்டு தவணை தவறினால் வாசலில் ஆள். இந்த மனிதரிடம் "உங்களுக்குத் தலைசுற்று வருவதை டொக்டரிடம் சொல்லுங்கள்" என்றால், அவருடைய காதில் விழுவது "வேனைக் கொடுத்துவிடு" என்பதுதான்.

இலகுரக வாகன லைசன் எட்டு வருடம், கனரக லைசன் நான்கு வருடம் செல்லும். விமானிக்கு ஒரு வருடம், இவருக்கு நான்கு, எட்டு. இடையில் மாரடைப்பு வந்தாலும் வலிப்பு வந்தாலும் சான்றிதழ் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும். பக்கத்து ஆசனத்தில் இரண்டாவது சாரதியும் இல்லை. அப்படியானால் எங்கள் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த மனிதரின் வாய்தான். அந்த வாயைத்தான் இந்தக் குரல் பதிவு அடைக்கிறது.

மெடிக்கலுக்கு ஒரு கிழமை முன்னர் மட்டும் இனிப்பை விட்டு, குளிசையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போகிற ஆட்களை நமக்குத் தெரியாதா? மாஞ்சோலை ஆஸ்பத்திரி கிளினிக்கில் கண்டால் கதை பரவும் என்று தூரத்து ஊரில் காசு கொடுத்து மருந்து எடுக்கிறவர்கள் இல்லையா? வாப்பாவுக்கு வலிப்பு என்று தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் வராது என்று மூடி வைக்கிற வீடுகள் இல்லையா? மனநலக் கிளினிக் பக்கம் கால் வைத்தவரை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும்? போருக்குப் பிந்திய வன்னியில் நித்திரை வராத ஆண்கள் எத்தனை பேர் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள் என்று யோசித்தால் எங்களுக்கு நித்திரை வராது.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம். "மவுத் எழுதினபடி வரும், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார்கள். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய ஹதீஸை எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்! இருபது பிள்ளைகளோடு போகிற வேனும் கட்ட வேண்டிய ஒட்டகம்தான்.

நோன்பு மாதத்தைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பாடசாலைக்கு அப்போது லீவு. ஆனால் ஹயர் ஓடும், டிப்பர் ஓடும். இன்சுலின் அல்லது கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவர் பட்டினியாக இருந்தால் அஸருக்குப் பிறகு சுகர் விழலாம். வியர்க்கும், கை நடுங்கும், பிறகு புத்தி தடுமாறும். தடுமாறுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. இன்சுலின் போடும் சாரதிகளுக்குப் பிரித்தானியா சொல்லும் அளவு எளியது: ஓட்ட முதலும், ஓடும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே என்றால் சாப்பிட்டுவிட்டு எடு. 72க்குக் கீழே என்றால் ஓட்டாதே. சரியான பிறகும் முக்கால் மணித்தியாலம் பொறு. நோயாளி நோன்பைப் பிற்படுத்தலாம் என்ற சலுகை சூரா பகராவிலேயே இருக்கிறது. இருந்தும் "நோன்பு பிடிக்கவில்லையா?" என்று தேநீர்க்கடை வாசலில் விசாரணை வைக்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பயந்து பட்டினியோடு ஸ்டியரிங் பிடிப்பவருக்கு யார் பொறுப்பு?

ஆகவே நாங்கள் கேட்பது, பறிப்பதற்கு முன்னர் தாங்குவதற்கு ஏற்பாடு. ஸக்காத் பெற உரியவர்கள் எட்டு வகையினர் என்று சூரா தவ்பா சொல்கிறது. கடனாளி அதில் ஒரு வகை. ஓட்ட வேண்டாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்த சாரதியின் லீசிங் தவணையை மூன்று மாதத்துக்கு ஊர் பைத்துல்மாலால் கட்ட முடியாதா? பெருநாள் ஒன்றுகூடலுக்கும் பந்தலுக்கும் காசு சேருகிற ஊர் இது. பெற்றோரும் அந்த மாத வேன் காசை வெட்டாமல் கொடுக்க வேண்டும். அவருக்குப் பதிலாக ஓட்ட, லைசன் உள்ள நம்பிக்கையான ஆட்கள் நாலைந்து பேரின் பட்டியல் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் இருக்கட்டும். ஊருக்கு அதுதான் கோ-பைலட். நிரந்தரமாக ஓட்டவே முடியாது என்றால், ஸ்லேட்டனுக்குக் கிடைத்தது போல வேறொரு கதிரை தேடிக் கொடுக்க வேண்டும். வேனை இன்னொருவர் ஓட்ட, கணக்கையும் பிள்ளைகளின் ஏற்ற இறக்கத்தையும் அவர் பார்க்கலாமே.

தமிழ்ச் சாரதிகளுக்கும் இது உரியது. ஸக்காத் பணத்தில் முடியாவிட்டால் அதற்குத் தனிப்பெட்டி வைப்போம். எங்கள் பிள்ளைகளும் அவர்களுடைய வாகனத்தில்தான் போகிறார்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் ஒருவர் மறைத்தால் நாங்களே முதலில் நின்று வண்டியை மறிப்போம். கட்டுப்படாத வலிப்போடும், மயங்கி விழுந்த நெஞ்சோடும் பிள்ளைகளை ஏற்ற விடமாட்டோம். அதில் தாட்சண்யம் இல்லை.

வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு இந்தக் கோரிக்கையை எழுத்தில் பள்ளி நிர்வாகத்திடம் கொடுக்கிறோம். கையொப்பமிட விரும்பும் பெற்றோர், உம்மாமாரும் உட்பட, வியாழன் பின்னேரம் பாடசாலைக்கு வாருங்கள். குரல் பதிவு போட்டவரும் வரலாம், கதிரை போட்டு வைக்கிறோம். வேன், டிப்பர், ஓட்டோ ஓட்டுகிற சகோதரர்கள் வந்தால், சுகர் பார்க்கிற மெஷினும் பிறஷர் மெஷினும் மேசையில் இருக்கும். பெயர் எழுத மாட்டோம்.