அகலமான ஸ்கீ எல்லாப் பனிக்கும் ஆகுமா?

போன மார்ச் பள்ளி விடுமுறைக்கு ஹொக்கைடோவில் உள்ள நிசெக்கோவுக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். வாடகைக் கடைக்குள் நுழைந்ததும் என் சித்தப்பா மகன் சுவரில் இருந்ததிலேயே அகலமான ஜோடியைக் காட்டினான். "அண்ணே, காணொளியில எல்லாரும் இதைத்தான் போடுறாங்க."

கடைக்காரர் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். ஒரு வாரமாக அங்கே புதுப்பனி விழவில்லை என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஸ்கீயின் மேல் பெரும்பாலும் 132-108-124 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். முனை, இடை, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். நடு எண்ணைப் பாருங்கள். 80ஐ ஒட்டி இருந்தால் இயந்திரம் சமன்செய்த பாதைக்கு ஏற்றது. 90 முதல் 100 வரை கலவையான பனிக்கு. 105க்கு மேல் போனால் அது பவுடருக்கென்றே செய்தது. பவுடர் என்றால் புதிதாக விழுந்து இன்னும் அமுங்காத உலர்ந்த பனி.

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து ஹொக்கைடோ மலைகளில் கொட்டுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் முழங்கால் புதையும். அதில் ஒல்லியான ஸ்கீ மூழ்கிவிடும். அகலமானது எடையைப் பரப்பி மிதக்கும். ஷேன் மக்கான்கி என்ற ஸ்கீ வீரர் இதைத் தண்ணீரோடு ஒப்பிட்டு யோசித்தவர். நீர்ச்சறுக்குப் பலகையில் ஸ்கீ காலணிக்கான பிடிப்பை மாட்டி அலாஸ்கா மலையில் இறங்கியே பார்த்தார்! அந்த யோசனையில் பிறந்து 2002இல் விற்பனைக்கு வந்த வோலன்ட் ஸ்பேட்டுலாவின் இடை அகலம் 125 மில்லிமீட்டர்.

கெட்டிப்பனியில் கதை வேறு. அங்கே வேலை செய்வது ஸ்கீயின் விளிம்பு. அகலமான ஸ்கீயில் அந்த விளிம்பு காலணியைத் தாண்டி வெளியே நிற்கிறது. அதைப் பனியில் பதிக்கக் கூடுதலாகச் சாய வேண்டும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற நேரமாகும். அந்தப் பாரம் முழங்காலில் இறங்கும்.

பலர் ஓட்டிக் கலைத்த பனியில் அகலத்தைவிட எடையும் விறைப்பும் முக்கியம். லேசான ஸ்கீயாக இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் முனை துள்ளும்.

மார்ச் மாதத்தில் இத்தனையும் ஒரே நாளில் வரலாம். அன்று காலை, இரவில் உறைந்த பாதையில் தம்பி வழுக்கிக்கொண்டே இறங்கினான். பதினொரு மணிக்கு வெயிலில் பனி ஐஸ் கச்சாங் மாதிரி இளகியதும் அவன் காட்டில் மழை. இளகிய பனியில் அகலம் நன்றாகவே மிதக்கும். நான்கு மணிக்கு அந்தத் தடங்கள் அப்படியே மறுபடி உறைந்தன. களைத்த கால், பதியாத விளிம்பு. விடுதிக்குத் திரும்பும் கடைசி இறக்கத்தில் விழுந்தான். மருத்துவர் தசைநார் அறுபடவில்லை என்றார். ஆனால் முழங்கால் வீங்கி, மிச்ச மூன்று நாளும் அறையில்தான். பணம் கட்டிய மலைச்சீட்டு மேசையில் கிடந்தது.

கடையில் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும்: கடைசியாகப் பனி எப்போது விழுந்தது? பொருந்தாவிட்டால் நடுவில் மாற்றித் தருவீர்களா? பிறகு விசாரித்ததில் அந்தக் கடையிலேயே மாற்றித் தருவார்களாம். பிள்ளைகளுக்கும் புதிதாகப் பழகுபவர்களுக்கும் 80ஐ ஒட்டியதே போதும். திரும்பக் கற்றுக்கொள்வது அதில்தான் சுலபம்.

தம்பி வரும் ஜனவரிக்கு மறுபடி டிக்கெட் எடுத்திருக்கிறான். இரவு நன்றாகக் கொட்டியிருந்தால் அதே அகலமான ஜோடியை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.