மாவட்ட வெட்டுப்புள்ளியும் நாம் எழுதிக் கொடுக்கும் கடிதங்களும்



சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகி, உயர்தர வகுப்புகளுக்கு மாணவர்கள் சேர்க்கப்படும் காலத்தில் எமது மத்ரஸாவுக்கு இரு சாரார் வருகின்றனர். ஒரு சாரார் துஆ வேண்டி வருவர். மற்றொரு சாரார் கடிதம் வேண்டி வருவர். முதலாம் சாராருக்கு அல்லாஹ் போதுமானவன். இக்கட்டுரை இரண்டாம் சாராரைப் பற்றியது. அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் என் போன்றோரைப் பற்றியதும் கூட.

எமது மத்ரஸா புத்தளம் மாவட்டத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலிருந்து ஒரு ஹாஜியார் தம் மகனுடன் வந்தார். எமது விடுதிக்கு ஓடு மாற்றித் தந்தவர். ரமழான் மாதத்தில் இப்தாருக்கென அரிசி அனுப்புபவர். மகன் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தான். அவனை இங்குள்ள ஒரு பாடசாலையில் கணிதப் பிரிவில் சேர்க்கப் போவதாகவும், அவன் எமது விடுதியில் தங்கியிருப்பதாக ஒரு கடிதம் தேவை என்றும் கூறினார். “பிள்ளை இடைக்கிடை வந்து தங்குவான் தானே, ஹஸ்ரத்” என்றார். நான் கையொப்பமிட்டு முத்திரையும் பதித்துக் கொடுத்தேன். பிள்ளை இடைக்கிடையும் வரவில்லை. கொழும்பிலேயே இருந்து, பெயர் பெற்ற ஆசிரியர்களின் டியூஷன் வகுப்புகளுக்குச் சென்று, பரீட்சைக்கு மட்டும் இங்கு வந்தான். பின்னர் பொறியியற் பீடத்துக்குத் தெரிவானான் என்று இனிப்புப் பெட்டி வந்தது. நானும் ஒரு துண்டு உண்டேன்.

அன்று எனக்கு வெட்டுப்புள்ளி என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். நாம் ஓதிக் கொடுக்கும் பிள்ளைகளில் பலர் அந்தப் பரீட்சைக்குத் தோற்றுபவர்கள்.

பலர் எண்ணுவது போல வெட்டுப்புள்ளி என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முன்கூட்டியே நட்டு வைக்கும் எல்லைக்கல் அன்று. பரீட்சைப் புள்ளிகள் முதலில் இசட் புள்ளியாக மாற்றப்படுகின்றன. 2001 ஆம் ஆண்டு முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 எனக் கொள்வோம். அதில் 70 புள்ளி பெற்றவரின் இசட் பெறுமானம் 2. இன்னொரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் 20 எனின், அதில் 75 பெற்றவருக்குக் கிடைப்பது 1 மட்டுமே. கடினமான பாடத்தில் பெற்ற எழுபது, இலகுவான பாடத்தில் பெற்ற எழுபத்தைந்தைவிடப் பெறுமதி மிக்கது. இவ்வாறு மூன்று பாடங்களுக்கும் கணித்து, அவற்றின் சராசரியை நான்கு தசம தானங்கள் வரை தருகின்றனர். மூன்று ‘ஏ’ எடுத்த பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போனதையும், அதைவிடக் குறைந்த சித்தி பெற்ற பிள்ளைக்குக் கிடைத்ததையும் கண்டு ஊரார் குழம்புவது இக்கணக்கை அறியாமையால்தான்.

அதன் பிறகு இடங்கள் பகிரப்படுகின்றன. மருத்துவம், பொறியியல் போன்ற பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் செல்கின்றன. புத்தளம் அந்தப் பதினாறில் ஒன்று. ஒரு மாவட்டத்துக்குரிய இடங்கள் மேலிருந்து கீழாக நிரப்பப்படும். கடைசி இடத்தைப் பெறும் பிள்ளையின் இசட் புள்ளி எதுவோ, அதுவே அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி. அது ஒரு பிள்ளையின் புள்ளி. ஆகையால்தான் அது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. தெரிவானவர்களில் சிலர் பதிவு செய்யாமல் விட்டு, அவ்விடங்கள் மீள நிரப்பப்படும்போது இன்னும் கீழிறங்குகிறது. சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியை வைத்துக் கொண்டு, “இந்தப் பீடம் கிடைக்குமா ஹஸ்ரத், இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்போரிடம் நான் சொல்வது, பிள்ளை உண்மையில் விரும்பும் ஒழுங்கில் தெரிவுகளை எழுதட்டும் என்பதே. அது தவிர இதில் நான் பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

கடிதத்தின் விடயத்துக்கு மீள்வோம். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் ஒரு மாணவன் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தான் என்பதே பொதுவாக அவனுடைய மாவட்டத்தைத் தீர்மானிக்கிறது. கொழும்பின் வெட்டுப்புள்ளி உயர்ந்தது. எமது மாவட்டத்தினுடையது தாழ்ந்தது. இடைவெளி தசமங்களில் இருந்தாலும் அதன் இரு பக்கங்களிலும் வெவ்வேறு வாழ்க்கைகள் இருக்கின்றன. ஆகவே சிலர் பெயரை இங்கு பதிந்துவிட்டுப் பிள்ளையை அங்கே படிக்க வைக்கின்றனர். இடங்களின் எண்ணிக்கையோ மாறாதது. பொய்யான வதிவிடத்தோடு மேலே ஒருவன் புகுந்தால், கீழே ஒருவர் வெளியே விழுவார். சரியாக ஒருவர்.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் எமது மக்தபில் ஓதி, இப்போது பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் ஒரு சகோதரி. தாம் படித்த காலத்தில் உயர்தர பௌதிகவியலுக்கு ஆசிரியர் இன்றி ஒரு வருடம் கழிந்ததையும், இரவல் குறிப்புகளைப் பிரதி செய்து படித்ததையும், பொறியியலுக்கான மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மிக அண்மையில் வந்து தவறியதையும் சொன்னார். நான் கையொப்பமிட்ட ஆண்டும் அவருடைய ஆண்டும் ஒன்றல்ல. அதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது முதலில் ஆறுதலாக இருந்தது. பின்னர் அந்த ஆறுதலை எண்ணி வெட்கமடைந்தேன். இவர் இல்லையெனில் வேறு யாரோ ஒருவர். அவ்வளவே.

அல்லாஹ்வின் உரிமையில் நாம் செய்யும் குறைகளுக்குத் தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. அடியார்களின் உரிமையில், உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது மன்னிப்புப் பெற வேண்டும் என்று மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் சுமந்து வந்து, பிறர் உரிமைக்கு ஈடாக அவற்றையெல்லாம் இழந்து நிற்பவரே உண்மையில் வங்குரோத்தானவர் என்ற கருத்திலமைந்த ஹதீஸை ஸஹீஹ் முஸ்லிமிலிருந்து எடுத்து விளக்குகிறேன். ஆனால் இந்த உரிமைக்குரியவரை நான் எங்கே தேடுவேன்? ஆணைக்குழு வெளியிடும் பட்டியலில் கடைசியாக உள்ளே சென்ற பிள்ளையின் புள்ளி இருக்கும். அதற்கு அடுத்து நின்று வெளியே போன பிள்ளையின் புள்ளி எங்கும் அச்சாவதில்லை. திருடப்பட்டது தன்னுடையது என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. தன் தக்தீர் என்று பொறுமை கொண்டிருக்கும். அதன் உம்மாவும் அவ்வாறே சொல்லித் தேற்றியிருப்பார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களை நான் அறிவேன். எல்லோரும் செய்கிறார்கள் என்பது ஒன்று. அதற்குப் பதில் தேவையில்லை. மாவட்ட ஒதுக்கீடே அநீதி, திறமையுள்ள கொழும்புப் பிள்ளை ஏன் தண்டிக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. இது பேசத்தக்க விடயம்தான். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும் இந்நாட்டில் எத்தனை காயங்களை உண்டாக்கின என்பதை நாமறிவோம். கொழும்பிலும் தோட்ட வீடுகளில் வாழும் ஏழைப் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களும் அதே உயர்ந்த வெட்டுப்புள்ளியைத்தான் தாண்ட வேண்டும். முறையில் குறையிருப்பின் பகிரங்கமாக எழுதலாம், வழக்காடலாம். 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களின் இசட் புள்ளிகள் கணிக்கப்பட்ட முறைக்கு எதிராக உயர் நீதிமன்றம் சென்றவர்கள் 2012 இல் அதை மாற்றிக் காட்டினர். பொய்க் கடிதம் எந்த முறையையும் திருத்துவதில்லை. முறையின் பாரத்தை இன்னொரு பிள்ளையின் தலையில் இறக்கி வைக்கிறது.

மூன்றாவதாக மெல்லிய குரலில் சொல்லப்படுவது, “எப்படியோ நம் சமூகத்துக்கு ஓர் இடம் கூடுகிறதே” என்பது. என்னை மிகவும் கலங்கச் செய்வது இதுவே. வெளியே போகும் பிள்ளை கற்பிட்டி மீனவரின் மகளாக இருக்கலாம். சிலாபத்துக் கத்தோலிக்கப் பிள்ளையாக இருக்கலாம். ஆனமடுவ விவசாயி ஒருவரின் மகனாகவும் இருக்கலாம். உறவினருக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்றும் குர்ஆன் கட்டளையிடும்போது, சமூகத்தின் பெயரால் பொய்ச் சாட்சியம் எப்படிக் கூடும்? சாய்ந்து அமர்ந்திருந்த நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நிமிர்ந்தமர்ந்து திரும்பத் திரும்ப எச்சரித்த பாவம் அது. வாக்குவன்மையால் தமக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றவருக்கும், பிறர் உரிமையென்றால் அது நெருப்பின் துண்டே என்று அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நபியவர்களின் தீர்ப்பே அந்த ஹராமை ஹலாலாக்காது என்றால், ஆணைக்குழுவின் அனுமதிக் கடிதம் ஆக்குமா?

ஒன்றை இங்கு தெளிவாகச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எமது மாவட்டத்தில் வந்து தங்கிய குடும்பங்களின் பிள்ளைகளை நான் இதில் சேர்க்கவில்லை. பெயர் மன்னாரிலும் வாழ்வு புத்தளத்திலுமாக இரண்டு மாவட்டங்களுக்கிடையே அவர்கள் நிற்பது அவர்களது விருப்பத்தால் அன்று. இங்கு பிறந்து இங்கே படித்த பிள்ளையைப் பார்த்து, “நீ எங்கள் இடத்தைப் பறிக்க வந்தாய்” என்று சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன். அதுவும் அநீதியே.

ஹாஜியாரிடம் சென்ற ஆண்டு நேரிலே போனேன். நான் எழுதியது பொய் என்றும், அதற்காக நானும் அவரும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நெடுநேரம் மௌனமாக இருந்தார். மகன் இப்போது வெளிநாட்டில் வேலை செய்கிறான் என்றார். பின்னர், “இனி என்ன செய்ய முடியும், ஹஸ்ரத்?” என்று கேட்டார். இடத்தைத் திருப்பிக் கொடுக்க இயலாது. ஆனால் எங்கள் மாவட்டத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பாடங்களுக்கு ஆசிரியர் இல்லாத வகுப்புகள் இன்றும் இருக்கின்றன, ஓர் ஆசிரியரின் வேதனத்தைப் பொறுப்பேற்கலாம் என்றேன். இது கஃப்பாரா ஆகுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். யோசித்துச் சொல்வதாகக் கூறினார், இன்னும் சொல்லவில்லை. நான் என் பங்குக்கு வாரத்தில் இரு மாலைகள் மத்ரஸா மண்டபத்தை உயர்தர மாணவர்களுக்குத் திறந்து விட்டிருக்கிறேன். அந்தக் கணித ஆசிரியை கட்டணமின்றிக் கற்பிக்கிறார். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் வருகின்றனர்.

எமது நிர்வாகம் இவ்வருடம் ஒரு தீர்மானம் எடுத்துள்ளது. விடுதிக் கடிதம் வேண்டுவோருக்கு, வரவுப் பதிவேட்டைப் பார்த்து, அவர் தங்கிய நாட்கள் எத்தனையோ அத்தனையையே எழுதிக் கொடுப்போம். இவ்வருடம் மூவர் கேட்டு வந்தனர். ஒருவருடைய மகன் மெய்யாகவே எம்மிடம் தங்கி ஓதுகிறான். அவருக்கு எழுதிக் கொடுத்தோம். ஏனைய இருவரும் வேறிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிச் சென்றனர். அந்த வேறிடங்களில் அமர்ந்திருக்கும் என் சக உலமாக்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.