தூண்டிலுக்கும் தறிக்கும் ஒரே நூல்தான்

டிஸ்கி: மீன் பிடிக்கிறது பாவம்னு நெனைக்கிறவங்க இப்பவே ஜூட் விட்டுருங்க :-)

சித்தப்பா துபாய்ல இருந்து வந்தப்போ கொண்டு வந்த தூண்டில் ராடு எங்கிட்ட இருக்கு. ஏழடி, ரெண்டு துண்டா கழட்டி மாட்டுற வகை. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு, ராடு மட்டும் மிச்சம். போன மாசம் பஸ்ல ஏறும்போது கதவுல மாட்டி, நுனி ரெண்டு இஞ்சு ஒடிஞ்சிருச்சு. நடுவுல ஒரு வளையமும் நசுங்கிப் போச்சு.

மதுரையில ஒரு கடையில காட்டினேன். "இதையெல்லாம் யாரு சார் ரிப்பேர் பண்றா? எழுநூறு ரூவாய்க்கு புதுசே இருக்கு"ன்னாரு. தப்பா சொல்லல, பாசமாத்தான் சொன்னாரு. ஆனா எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஒரு பொருள் ஒடைஞ்சா தூக்கிப் போடுறதுதான் புத்திசாலித்தனம்னு எப்ப முடிவு பண்ணினோம்?

என் கட்சி இதுதான்: ராடு ரிப்பேர் ஒண்ணும் வெளிநாட்டு வித்தை இல்ல. முக்காவாசி அது நூல் சுத்துற வேலை. அத சின்னாளப்பட்டிக்காரன் கடையில போய்க் கேட்டதே தப்பு.

ராடுல வளையத்த ஆணி அடிச்சோ பத்த வச்சோ பொருத்துறதில்ல. அதோட காலை ராடு மேல வச்சு, நூலால நெருக்கமா சுத்தி, மேல பசை பூசுறாங்க. அவ்வளவுதான். நைலான் வர்றதுக்கு முன்னாடி அந்த நூல் பட்டு நூல்தான். மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த எச்.எஸ். தாமஸ் 1873-ல 'தி ராட் இன் இந்தியா'ன்னு இந்திய மீன்பிடிப்பு பத்தி ஒரு புஸ்தகமே போட்டாரு. அந்தக் காலத்து தொரைமாருங்க ராடெல்லாம் பட்டு நூல் கட்டி வார்னிஷ் அடிச்சதுதான். பட்டுக்கும் சுங்குடிக்கும் பேர் போன ஊர்ல உக்காந்துக்கிட்டு நான் ஆள் தேடுறேன்!

தெரு முக்குல தறி ஓட்டி ஓய்ஞ்ச பெரியவர் ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்ட போனேன். ராட கையில வாங்கினவரு, மொதல்ல ஒரு கழிவுப் பட்டு இழைய எல்லா வளையத்துக்குள்ளயும் விட்டு இழுத்தாரு. ஒண்ணுல இழை மாட்டுச்சு. "தம்பி, இதுவும் கீறி இருக்கு"ன்னாரு. கண்ணுக்கே தெரியாத கீறல். போன வருஷம் தங்கூசி அறுந்து அறுந்து போனதுக்கு நான் தங்கூசிய திட்டிக்கிட்டு இருந்தேன்.

பழைய கட்ட அறுக்கும்போது பிளேட வளையத்தோட இரும்புக் கால் மேல மட்டும்தான் ஓட்டணும். ராடு மேல பட்டா நார் வெட்டுப்பட்டு, அடுத்த பெரிய மீனுக்கு அங்கயே ஒடியும். புது வளையத்தோட கால் நுனிய அரத்தால சரிவா தேய்ச்சுக்கணும், இல்லேன்னா நூல் ஏறாது. மொதல் ஆறு சுத்து தன் வாலையே அமுக்கிப் பிடிக்கணும். முடிக்கிறதுக்கு எட்டு சுத்து முன்னாடி தனியா ஒரு நூல வளைச்சு உள்ள வச்சு, கடைசி நுனிய அதுல கோத்து இழுத்தா முடிச்சே தெரியாம உள்ள போயிரும். இத நான் படிச்சு வச்சிருந்தேன். பெரியவருக்கு சொல்ல ஆரம்பிச்சேன், பாதியிலயே அவரு கை முடிச்சிருச்சு. ஓரத்துல நாலு சுத்து ஜரிகை வேற, கேக்காமலே.

நுனி வேலை என்னோடது. ஒடிஞ்ச எடத்த நேரா அறுத்து, கொஞ்சம் பெரிய ஓட்டை உள்ள நுனி வளையம் மாட்டினேன். சூடு காட்டினா இளகுற பசைதான் அதுக்கு, அப்பத்தான் நாளைக்கு கழட்ட முடியும். நூல் மேல அரால்டைட், ரெண்டு ட்யூபும் சரிபாதி. வழிஞ்சு ஒரு பக்கமா தொங்காம இருக்க, காயுற வரைக்கும் ராட உருட்டிக்கிட்டே இருக்கணும். தார் சுத்துற ராட்டையில கட்டி மெதுவா சுத்துனோம். ராடு ரெண்டு இஞ்சு கொறைஞ்சதுல நுனி கொஞ்சம் வெறைப்பு. பழகிருச்சு.

எல்லா ராடையும் இப்படிக் காப்பாத்தணும்னு சொல்ல வரல. குழாய்க்குள்ள குழாய் போற மலிவு ராடு நடுவுல நொறுங்கினா நானே விட்டுருவேன். மூணு நாள் வேலைக்கு எழுநூறு ரூவா ராடு கணக்குல நிக்காது, ஒத்துக்கறேன். ஆனா கணக்குல நிக்கலங்கிற அதே வார்த்தையத்தான் அவரோட தறிக்கும் சொன்னோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு வந்தப்போ பெருமையா பேசினோமே, அந்தப் பூட்டு செய்யுற கைக்கு என்ன கூலின்னு எத்தனை பேர் கேட்டோம்? நானும் கேக்கல.

கூலி எவ்வளவுன்னு கேட்டேன். "நூல் சுத்துனதுக்குப் போயி காசா?"ன்னு சிரிச்சாரு. அவருக்கே தன் வேலைக்கு வெல தெரியல, இல்ல தெரிஞ்சும் யாரு குடுக்கப் போறான்னு விட்டுட்டாரா, புரியல. ஒரு வளையத்துக்கு நூறுன்னு நானே முடிவு பண்ணி, ரெண்டு வளையத்துக்கு எரநூறு ரூவாய ராட்டை மேல வச்சுட்டு வந்தேன்.

மறுநாள் அவரு பேரன் வந்து நூறு ரூவாய திருப்பிக் குடுத்தான். "ஒரு வளையம் தாத்தாவே ஆசைக்குக் கட்டினதாம்"னான். கூடவே, வேற யார்கிட்டயாச்சும் ஒடைஞ்ச ராடு இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னாராம்.